கண்புரை லென்ஸ்: எது நல்லது என்று கேட்கும் முன்

மாமாவுக்குப் புரை ஆபரேஷன் என்று முடிவான அன்று, டாக்டரின் அறையில் நாங்கள் இருந்தது ஐந்து நிமிடம். பக்கத்து அறையில் இருந்தது முக்கால் மணி நேரம். அங்கே கவுன்சலிங் செய்யும் பெண் ஒரு பிளாஸ்டிக் அட்டையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இடப்பக்கம் லென்ஸ் பெயர்கள், வலப்பக்கம் விலை. கீழே போகப் போக விலை ஏறியது. "எது போடலாம்னு நீங்களே சொல்லுங்க ஐயா" என்றார். மாமா என்னைப் பார்த்தார். "இருக்கறதுல நல்லதா ஒண்ணு போடச் சொல்லு மாப்ளே."

அந்த அட்டையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சாதா பஸ், டீலக்ஸ், ஏசி என்று எழுதியிருப்பது போல இருக்கும். சாதா பஸ்ஸில் ஏறினாலும் ஏசியில் ஏறினாலும் போய்ச் சேரும் ஊர் ஒன்றுதான். காசு கூடினால் சொகுசு கூடும். லென்ஸ் விஷயத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது. அட்டையில் இருக்கும் ஒவ்வொரு வரியும் வேறு வேறு ஊருக்குப் போகிற பஸ். எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று தெரியாமல் டிக்கெட் விலையை மட்டும் பார்த்து ஏறினால் என்ன ஆகுமோ, அதுதான் பலருக்கு ஆகிறது.

சரி, கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

புரை என்பது சதை வளர்ச்சி இல்லை

"கண்ணில் சதை வளர்ந்திருக்காம்" என்று புரையைச் சொல்வார்கள். கருவிழியின் மேல் வெளியிலிருந்து சதை படர்வது வேறு நோய். புரையில் புதிதாக எதுவும் வளர்வதில்லை. கருவிழிக்குப் பின்னால், பாப்பாவுக்கு உள்பக்கம், பிறவியிலேயே நம் எல்லோருக்கும் ஒரு லென்ஸ் இருக்கிறது. மைசூர்ப் பருப்பைப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி ஒரு வடிவம். (லென்ஸ் என்ற சொல்லே லத்தீனில் அந்தப் பருப்பின் பெயர்தான்.) அது புரதத்தால் ஆனது. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு கண்ணாடி போல இருக்கும், சூடு பட்டால் வெளுத்துவிடும் அல்லவா? அதே போல வயதாக ஆக இந்த லென்ஸின் புரதம் தன் தெளிவை இழந்து மங்குகிறது. சர்க்கரை நோய், அடிபட்ட காயம், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து ஆகியவை அதைச் சீக்கிரமாக்கும். மங்கிய அந்த லென்ஸின் பெயர்தான் கண்புரை.

அறுவை சிகிச்சையைப் புரிந்துகொள்ள நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மெல்லிய தோல், உள்ளே குழைவான சதை. லென்ஸையும் அப்படி ஒரு மெல்லிய பை மூடியிருக்கிறது. அதை லென்ஸ் பை என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் அந்தப் பையின் முன்பக்கம் வட்டமாக ஒரு திறப்பு செய்து, உள்ளே மங்கிப்போன சதையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிடுகிறார். பை அங்கேயே இருக்கும். காலியான பைக்குள் செயற்கை லென்ஸ் போய் உட்காருகிறது.

இதை ஊரில் "லேசர் ஆபரேஷன்" என்கிறார்கள். சில மருத்துவமனைகளில் சில கட்டங்களுக்கு லேசர் பயன்படுவது உண்மைதான். ஆனால் பெரும்பாலான இடங்களில் புரையை உடைப்பது அல்ட்ராசவுண்ட் அதிர்வு. 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்த முறை இது. பல் டாக்டரிடம் போனபோது, பல் சுத்தம் செய்யும் அதிர்வுக் கருவியைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. "புரை நன்றாக முற்றட்டும்" என்ற பழைய அறிவுரைக்கும் இப்போது இடமில்லை. முற்றினால் புரை கல்லாகும். உடைக்க அதிக நேரமும் அதிக அதிர்வும் தேவைப்படும்.

இதுவரை சொன்னது: பிறவி லென்ஸ் மங்குவதே புரை. அதை எடுத்துவிட்டு, அதே பைக்குள் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள்.

ஃபோகஸ் செய்ய மறந்த லென்ஸ்

லென்ஸின் வேலை ஒளியை வளைத்து, கண்ணின் பின்சுவரான விழித்திரையில் கூர்மையாகச் சேர்ப்பது. எவ்வளவு வளைக்கிறது என்பதற்கான அளவுதான் டயாப்டர். நாம் "பவர்" என்பது அதைத்தான். கண்ணின் மொத்த பவர் சுமார் 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழியின் முன்பக்க வளைவே பார்த்துக்கொள்கிறது. மிச்சம் லென்ஸின் வேலை.

லென்ஸே இல்லாமலும் மங்கலாகப் பார்க்கலாம், ஆனால் அதன் பவரை வேறு எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும். செயற்கை லென்ஸ் பரவலாகும் முன்பு புரையை எடுத்துவிட்டு +10, +12 என்று தடித்த கண்ணாடியைப் போட்டு அனுப்புவார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி. அதில் எல்லாம் கால்மடங்கு பெரிதாகத் தெரியும், படி இருக்கும் இடம் தெரியாது, டம்ளருக்குக் கை நீட்டினால் டம்ளர் வேறு இடத்தில் இருக்கும். அந்தத் தலைமுறைத் தாத்தா பாட்டிகளின் பழைய போட்டோக்களில் கண்கள் மட்டும் பெரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இளமையில் நம் பிறவி லென்ஸ் செய்யும் வித்தை ஒன்று உண்டு. கிட்டே பார்க்கும்போது தன் வடிவத்தை உப்பலாக மாற்றிக்கொள்ளும். தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகும். செல்போன் கேமரா தானாக ஃபோகஸ் செய்வது போல. நாற்பதைத் தாண்டினால் லென்ஸ் விறைத்து இந்த வித்தை குறைந்துவிடும். செய்தித்தாளைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப்பிடிப்போம். அதுதான் வெள்ளெழுத்து.

செயற்கை லென்ஸுக்கு இந்த வித்தை தெரியாது. அது வடிவம் மாறாத ஒரு பிளாஸ்டிக் வில்லை. ஒரு தூரத்துக்குப் பொருத்தினால் அந்தத் தூரம் மட்டும்தான் கூர்மை. லென்ஸ் தேர்வு என்ற தலைவலி முழுக்க இந்த ஒரே குறையிலிருந்து பிறக்கிறது. அட்டையில் இருக்கும் விலை உயர்ந்த லென்ஸ்களில் பல, இந்தக் குறையை எப்படியாவது மறைக்கப் பார்க்கும் முயற்சிகள்.

விலை அட்டையில் இல்லாத கேள்வி

என் மாமா தையல்காரர். இளம் வயதிலிருந்தே கிட்டப்பார்வை, பவர் -3. தெருவில் நடக்கக் கண்ணாடி வேண்டும். ஊசியில் நூல் கோர்க்கும்போது கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றிவிடுவார். அறுபத்தெட்டு வயதிலும் வாசிப்புக் கண்ணாடி என்ற ஒன்றை அவர் வாங்கியதே இல்லை.

ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு இருக்கிறது. ஒன்றை டயாப்டரால் வகுத்தால் தூரம் மீட்டரில் கிடைக்கும். -3 என்றால் மூன்றில் ஒரு மீட்டர், அதாவது 33 சென்டிமீட்டர். அவர் கண் இயற்கையிலேயே அந்தத் தூரத்துக்குப் பொருந்தியிருந்தது. ஊசியும் நூலும் பிடிக்கும் தூரமும் ஏறக்குறைய அதேதான்.

இப்போது சாதாரண லென்ஸை "தூரம் நன்றாகத் தெரியட்டும்" என்று வைத்தால் என்ன ஆகும்? பஸ்ஸின் போர்டு கண்ணாடி இல்லாமல் தெரியும். ஆனால் ஊசியின் காது தெரியாது. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியைக் கழற்றி வேலை பார்த்த மனிதர், இனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். ஆபரேஷன் பிசகே இல்லாமல் முடிந்திருக்கும், டாக்டர் கணித்ததும் சரியாக இருக்கும், ஆனாலும் மாமா "கண்ணைக் கெடுத்துட்டாங்க" என்பார். இப்படிப் புலம்பும் கிட்டப்பார்வைக்காரர்கள் நிறைய பேர் உண்டு.

ஒரே தூரத்தைக் காட்டும் சாதாரண லென்ஸுக்கு மோனோஃபோகல் என்று பெயர். இதையே கிட்டத்துக்குப் பொருந்தும்படியும் வைக்கலாம். அதற்குத் தனி லென்ஸ் எதுவும் வாங்க வேண்டாம். அதே கம்பெனி, அதே பெட்டி, பவர் மட்டும் சுமார் மூன்றரை டயாப்டர் கூடுதல். ஒரு ரூபாய் கூட அதிகமில்லை. அதனால்தான் இந்தக் கேள்வி விலை அட்டையில் இருப்பதே இல்லை. நாம் கேட்காவிட்டால், பொதுவாகத் தூரத்துக்குத்தான் வைப்பார்கள். பெரும்பாலோருக்கு அது சரியாகவும் இருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கொஞ்சம் கிட்டத்துக்கும் வைப்பது. மோனோவிஷன் என்பார்கள். மூளை தேவைக்கேற்ப இந்தக் கண், அந்தக் கண் என்று மாறிக்கொள்ளும். சிலருக்கு இது ஒரு வாரத்தில் பழகிவிடும். சிலருக்கு எப்போதும் உறுத்தும். ஆபரேஷனுக்கு முன்பே கான்டாக்ட் லென்ஸ் அல்லது சோதனைக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இதன் வசதி. புரை மிகவும் முற்றியிருந்தால் மட்டும் அந்தச் சோதனை சரியாக வராது.

சுருக்கமாக: சாதாரண லென்ஸிலேயே ஒரு பெரிய தேர்வு ஒளிந்திருக்கிறது. எந்தத் தூரம் கண்ணாடி இல்லாமல் வேண்டும் என்பதுதான் அது.

ஒரு குழாய், மூன்று குடம்

"தூரமும் வேண்டும், கிட்டமும் வேண்டும், கண்ணாடியே வேண்டாம்" என்பவர்களுக்காக வந்தது மல்டிஃபோகல் லென்ஸ். இதைப் பற்றித்தான் அதிகமாகத் தவறாகப் பேசப்படுகிறது. சோடாவுக்குக் கலர் சேர்த்தது போல, சாதாரண லென்ஸில் இருப்பதெல்லாம் இதில் இருக்கும், கூடவே கிட்டத்துத் தெளிவும் கிடைக்கும் என்று நினைக்கிறோம். அப்படிக் கிடைக்காது.

கண்ணுக்குள் வரும் ஒளி ஒரு குழாய்த் தண்ணீர் மாதிரி. சாதாரண லென்ஸ் அத்தனையையும் ஒரே குடத்தில் பிடிக்கிறது. மல்டிஃபோகல் அதையே இரண்டு அல்லது மூன்று குடங்களுக்குப் பிரிக்கிறது: தூரத்துக்கு ஒன்று, வாசிப்புக்கு ஒன்று, மூன்றாவது இருந்தால் கம்ப்யூட்டர் தூரத்துக்கு. குழாயில் தண்ணீர் கூடவில்லை. எனவே எந்தக் குடமும் முழுதாக நிரம்பாது. பிரிக்கும்போது கொஞ்சம் சிந்தவும் செய்யும்.

வில்லையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பழைய இசைத்தட்டில் இருப்பது போன்ற வட்ட வரிகள் நடுவிலிருந்து தெரியும். ஒளியைப் பிரிப்பது அந்த வரிகள்தான். தூரத்துப் படம், கிட்டத்துப் படம் இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திரையில் விழுகின்றன. எதைப் பார்க்க வேண்டுமோ அதை மூளை எடுத்துக்கொண்டு மற்றதைப் புறக்கணிக்கப் பழக வேண்டும். பகலில் இது பெரிய சிரமம் இல்லை. இரவில், எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டை நினைத்துப் பாருங்கள். தூரத்துக்கான பங்கு அதைப் புள்ளியாகக் காட்டும். கிட்டத்துக்கான பங்குக்கு அந்த வெளிச்சம் ஃபோகஸில் இல்லை. அது மங்கலாகப் பரவி, புள்ளியைச் சுற்றி வளையமாக நிற்கும். நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போல. பலருக்கு மாதக்கணக்கில் பழகிக் குறையும், சிலருக்குக் குறையாது.

அதனால் இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இந்த லென்ஸை நான் துணிந்து சொல்லமாட்டேன். சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்கள், கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் நிலைமை இன்னும் கவனத்துக்குரியது. அவர்களின் கண் ஏற்கெனவே மங்கல் வெளிச்சத்தில் திணறும். அதில் ஒளியையும் பங்கு போட்டால் தாங்காது. கண்ணாடி போடுவதே பிடிக்காத, விழித்திரை ஆரோக்கியமாக இருக்கும், வாசிப்பும் செல்போனுமாக இருக்கும் ஒருவருக்கு இதே லென்ஸ் வரம். என் பள்ளித் தோழியின் அம்மா இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டை வெறும் கண்ணால் படித்துக் காட்டுகிறார்.

இரண்டுக்கும் நடுவே ஈடாஃப் என்ற வகை இருக்கிறது. ஃபோகஸைத் தனித்தனியாகப் பிரிக்காமல், ஒரு புள்ளியை இழுத்து நீட்டுவது போலச் செய்கிறது. தூரம், பிறகு அடுப்பு மேடை, கம்ப்யூட்டர் வரை தொடர்ச்சியாகத் தெரியும். பொடி எழுத்துக்குப் பெரும்பாலும் கண்ணாடி வேண்டியிருக்கும். வளையத் தொல்லை பொதுவாக மல்டிஃபோகலை விடக் குறைவு.

சுருக்கமாக: மல்டிஃபோகல் பார்வையைக் கூட்டுவதில்லை, பங்கிடுகிறது. கண்ணாடியை விடுவதற்காக இரவின் தெளிவில் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கும்.

சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு

கருவிழி பந்து போல எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருந்தால் நல்லது. சிலருக்கு அது முட்டையின் பக்கவாட்டு போல, ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் வளைந்திருக்கும். கண்ணாடிச் சீட்டில் "சிலிண்டர்" என்று எழுதுவது இதற்குத்தான். சாதாரண லென்ஸ் வைத்தால் இந்தக் கோணல் அப்படியே இருக்கும். எந்தத் தூரமும் முழுக் கூர்மைக்கு வராது. அதைச் சரிசெய்யும் லென்ஸ் டோரிக்.

டோரிக் லென்ஸில் சின்னக் குறிகள் இருக்கும். அவற்றைக் கருவிழியின் கோணலோடு சரியாகப் பொருத்தி வைக்க வேண்டும். ஆபரேஷனுக்குச் சற்று முன், நோயாளியை உட்காரவைத்துக் கண்ணின் விளிம்பில் மையால் புள்ளி வைப்பதும் இதற்காகத்தான், ஏனென்றால் படுத்தால் கண் லேசாகச் சுழலும். பத்து டிகிரி தவறினால் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முப்பது டிகிரி தவறினால் ஒன்றுமே மிஞ்சாது.

சீட்டில் சிலிண்டர் இருப்பதாலேயே டோரிக் தேவை என்று முடிவு செய்ய வேண்டாம். அந்தக் கோணலில் ஒரு பகுதி பழைய லென்ஸில் இருந்திருக்கலாம், அது எப்படியும் வெளியே போகப்போகிறது. கருவிழியைத் தனியாக அளந்துதான் சொல்ல முடியும். அளவு கணிசமாக இருந்தால், செலவழிக்கும் பணத்துக்கு நிச்சயமான பலன் தருவது என் கணிப்பில் இந்த வரிதான்.

பிராண்டை விட டேப் முக்கியம்

சட்டைத் துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அளவு தவறினால் சட்டை வீண். இதை மாமாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

செயற்கை லென்ஸின் வரலாற்றிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூரையின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் போய்த் தங்கின. அவை கண்ணை உறுத்தாமல் கிடப்பதைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர், 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். லென்ஸைக் கண் ஏற்றுக்கொண்டது, ஆனால் பவர் கணக்கு பெரிதாகத் தவறி, அந்த நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது.

இன்று அந்தக் கணக்கைப் போடுவதற்கு முக்கியமாக இரண்டு அளவுகள் எடுக்கிறார்கள்: கருவிழியின் வளைவு, கண்ணின் முன்பின் நீளம். சராசரி நீளம் 23, 24 மில்லிமீட்டர். இதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பார்வையில் இரண்டரை டயாப்டருக்கு மேல் பிசகும். ஒளியால் அளக்கும் கருவி துல்லியமானது. புரை மிகவும் அடர்ந்து ஒளி உள்ளே போகாவிட்டால் அல்ட்ராசவுண்டால் அளப்பார்கள். இங்கே நோயாளிக்கும் பொறுப்பு இருக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், டாக்டர் சொல்லும் நாட்களுக்கு முன்பே அதைக் கழற்றிவிட வேண்டும், அது கருவிழியின் வடிவத்தை அழுத்தி மாற்றியிருக்கும். எப்போதோ கண்ணாடியை விடுவதற்காக லேசிக் செய்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் கண்ணுக்கு வழக்கமான கணக்கு பொருந்தாது.

மடிகிற லென்ஸ், மடியாத லென்ஸ் என்ற பேச்சை வேகமாகக் கடந்துவிடலாம். மடிகிற லென்ஸ் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறலில் சுருண்டு உள்ளே போய் விரியும், காயம் சீக்கிரம் ஆறும். மடியாத லென்ஸுக்குப் பெரிய கீறல் வேண்டும். அது மட்டமான லென்ஸ் கிடையாது, மிக நீண்ட காலம் சோதிக்கப்பட்ட பொருள் அதுதான். "ஃபாரின் லென்ஸ்" மோகமும் அப்படியே. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் பகுதியாக ஆரோலேப் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியபின், வெளிநாட்டில் நூறு டாலர் அளவில் விற்ற பொருள் பத்து டாலர் அளவுக்கு வந்தது. இப்போது இங்கிருந்து பல நாடுகளுக்குப் போகிறது.

"ரெண்டு வருஷத்துல புரை திரும்ப வந்துடுச்சு, லென்ஸ் சரியில்லை" என்பதும் அடிக்கடி கேட்கும் புகார். எடுத்த புரை திரும்ப வராது. நுங்கின் தோல் போல விட்டுவைத்த பையின் பின்பக்கம் மங்கியிருக்கும். யாக் என்ற லேசரால் அதில் சிறு திறப்பு போட்டால் சில நிமிடத்தில் சரியாகும். கத்தி இல்லை.

மறுபடி அந்த அறைக்கு

கவுன்சலிங் பெண்ணிடம் நான் விலை கேட்பதை நிறுத்திவிட்டு மாமாவின் ஒரு நாளைச் சொன்னேன். காலை ஒன்பது மணிக்கு மெஷின், இரவு எட்டு வரை. வண்டி ஓட்டமாட்டார். மாலையில் கொஞ்சம் டிவி. சர்க்கரை பத்து வருடமாக இருக்கிறது. அந்தப் பெண் அட்டையை மூடி வைத்துவிட்டு, "இதை டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். சொல்லவில்லை. மறுபடி உள்ளே அனுப்பினார்.

இரண்டு கண்ணுக்கும் மோனோஃபோகல், கிட்டத்துக்கு என்று முடிவானது. முதல் கண் முடிந்ததும் கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள், லென்ஸ் பெட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியது. அதில் 24.5 என்ற எண்ணைப் பார்த்து அத்தை பதறிப்போனார், "பவர் இருபத்து நாலரையா?" என்று. அது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் பவர், கண்ணாடியின் பவர் இல்லை என்று விளக்க ஒரு காபி நேரம் ஆனது. அந்த அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் உதவும்.

இப்போது மாமா கண்ணாடி இல்லாமல் நூல் கோர்க்கிறார். தெருவில் இறங்கும்போது பழையபடி கண்ணாடி. பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அவ்ளோ செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணியும் கண்ணாடியா அண்ணே?" என்று கேட்டாராம். மாமா பதில் சொல்லவில்லை. அவர் தைக்கக் கொடுத்திருந்த சட்டையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.